கம்பு நட்டவன்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. நான் நடுங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், நாற்காலிதான் ஆடுகிறது. ஓர் அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். இருக்கட்டும், எனக்கு இது ஒரு சிரமமே இல்லை. எங்கள் ஊரில் ஆடாத இடம் என்று ஒன்று கிடையாது. வீடுகள் மரக்கால்களின் மேல் நிற்கும், மரக்கால்கள் சேற்றில் நிற்கும். பக்கத்து வீட்டில் ஒருவர் புரண்டு படுத்தால் நம் வீட்டுப் பாத்திரம் அசையும்.

என் தம்பியின் படகைப் பற்றி உங்கள் ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒருவர் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பினார், பாவம். அவர்கள் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எனக்குப் பேர் கம்புக்காரன். ஆறு கடலுக்குப் போகிற வழியில் களைத்துப்போய்ச் சேறாகப் பரந்து கிடக்கிற இடம் எங்களுடையது. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரியும். உண்மையில் படகு போகிற ஆழம் ஒரே ஓர் ஓடையில்தான் உண்டு. மற்ற இடமெல்லாம் கணுக்கால் தண்ணீர், அதற்குக் கீழே இடுப்பளவு சேறு. அந்த ஓடையும் மழைக்கு மழை இடம் மாறும். மழை ஓய்ந்ததும் நான் போய்த் துழாவிப் பார்த்து, ஓடையின் விளிம்பு நெடுக மரக்கம்புகளை நட்டுவிட்டு வருவேன். நுனியில் ஒரு கந்தல் துணி கட்டியிருக்கும். கம்பை இடப்பக்கம் விட்டுப் போனால் நகரத்துப் படகுத்துறை, வலப்பக்கம் விட்டு வந்தால் வீடு. இதற்காக வீட்டுக்கு வீடு மீனில் ஒரு பங்கு கொடுப்பார்கள். என் கம்பை யாரும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதை நம்பிப் படகில் தூங்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

சேறு ஆளை விழுங்கிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அதெல்லாம் கதை, ஐயா. சேறு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் பிழைப்பு பெருவலையில். ஓடை கடலில் சேருகிற வாயில் அதை விரித்துவிட்டு, தண்ணீர் வற்றும்போது இரண்டு பக்கமும் நின்று இழுக்க வேண்டும். பெண்களும் இழுப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீடு குறைந்தால் மற்றவர்கள் தோளில் கயிறு கொஞ்சம் ஆழமாகப் பதியும். நாலைந்து வீடு குறைந்தால் வலை நகராது. மேலே எங்கோ ஆற்றை மறித்ததிலிருந்து மீனும் குறைந்துபோயிற்று. மீனுக்கு ஐஸ் கொண்டுவருகிற படகுக்காரன் தினமும் வந்துகொண்டிருந்தவன், மனசு வந்தால் வந்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று எல்லார் கால் இடுக்கிலும் புண். குடிதண்ணீர் படகில் வந்தால் உண்டு, வராவிட்டால் நாக்கை மடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் எதையும் மறைக்கவில்லை. அங்கே வாழ்க்கை சொகுசு என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் போகிறவர்கள் செய்கிற காரியத்தைப் பாருங்கள். மூட்டை கட்டுவார்கள். படகில் ஏறிக் கையை ஆட்டுவார்கள், இரண்டு சொட்டுக் கண்ணீரும் விடுவார்கள். மறுநாள் வலைக்கயிற்றில் அவர்கள் பிடித்த இடம் காலியாக இருக்கும். அந்தப் பாரத்தை இருக்கிறவன் தோளில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை.

என் மனைவியும் அப்படித்தான் போனாள். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நாள் காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு ஐஸ் படகில் ஏறினாள். "வழியெல்லாம் சரியா இருக்கா?" என்று அவனிடம் கேட்டாளாம். "உன் வீட்டுக்காரன் நட்ட கம்புதானே, கண்ணை மூடிட்டுப் போகலாம்" என்றானாம். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேடிக்கையாகத்தானே இருக்கிறது.

முதலில் நான் தடுக்க நினைத்தது வலை தைக்கிறவரை. பெருவலையில் எங்கே கிழிந்தாலும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவார். அவர் போனால் வலையே போன மாதிரி. அவரும் மூட்டை கட்டினார். நான் நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

"இத்தனை நாள் ஒண்ணாப் பழகிட்டு, இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போறீங்களே" என்றேன்.

"நட்டாத்துல விட்டா நீந்தியாவது கரை ஏறிடலாம். இது சேறுப்பா" என்று சிரித்தார்.

அவர் கிளம்புவதற்கு முன்பாகப் போய், ஓடை வளைகிற இடத்தில் இருந்த கம்புகளைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நட்டேன். அவ்வளவுதான் செய்தேன். படகு சேற்றுத்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கத்தினார்கள். நான் தயாராகத்தான் இருந்தேன். கயிற்றை எடுத்துக்கொண்டு என் சின்னப் படகில் போய் ஒவ்வொருவராகக் கரை சேர்த்தேன். எல்லோரும் கழுத்துவரை சேறு. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா எங்க கதி என்ன" என்று விக்கி விக்கி அழுதாள். வெள்ளம் கம்பைச் சாய்த்திருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். ஆமாம் என்றேன். அன்றே போய்ச் சரியாக நட்டுவிட்டும் வந்தேன்.

கொஞ்ச நாள் அந்த வீட்டில் யாரும் பயணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒழுங்காக வலைக்கு வந்தார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அப்புறம் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். பேசிப் பேசி அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. அவர் பயத்தில் மனைவி என்று நினைத்து மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அதை அவரே நடித்துக் காட்டினார். அடுத்த மாதம் மறுபடியும் கிளம்பினார்கள், போயே போய்விட்டார்கள்.

எங்கே பிசகிவிட்டோம் என்று யோசித்தேன். நான் சீக்கிரம் போய்விட்டேன், ஐயா. பயம் ஊற வேண்டும். ஊறாத பயம் கழுவினால் போய்விடும்.

அதற்குப் பிறகுதான் என் தம்பி.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். தோளில் உட்காரவைத்துக்கொண்டுதான் கம்பு நடப் போவேன். அவன் மனைவி மேட்டு நிலத்துக்காரி. வந்த புதிதில் வீட்டுக்கு வீடு போட்டிருக்கிற பலகையில் நடக்கத் தெரியாமல் தினமும் சேற்றில் விழுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு கயிறு பிடிப்பதில் ஆண்களையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். அவர்களுக்கு ஒரே பெண். அவளை நண்டு என்றுதான் கூப்பிடுவோம். நேராக நடக்கவே மாட்டாள், பக்கவாட்டில் துள்ளித் துள்ளித்தான் வருவாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை. காலையில் அதன்மேல் அவள் வருகிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். துள்ளிக்கொண்டும் இருமிக்கொண்டும் வருவாள்.

அந்த இருமலைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

"அண்ணே, டாக்டர் கையை விரிச்சுட்டாரு. இந்த ஈரத்துல வச்சிருந்தா நெஞ்சு தாங்காதாம். டவுன்ல மூட்டை தூக்குற வேலை ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மாடி ரூம், காஞ்ச இடம்" என்றான் தம்பி.

"வலையை யாரு இழுக்கிறது?"

"வலையா?" என்று என்னையே பார்த்தான். "அண்ணே, எம்பொண்ணு ரத்தம் துப்புறா."

அவன் மனைவி உள்ளிருந்து வந்தாள்.

"மாமா, நீங்களும் கிளம்பிடுங்க. ரூம் சின்னதுதான். ஆனா உங்களுக்கு ஒரு பாய் போட இடமில்லாமப் போயிடாது. இங்க தனியா உக்காந்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

தனியா என்ற வார்த்தையை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. எனக்கும் அதில் வருத்தம் எதுவும் இல்லை. பார்க்கலாம் என்றேன். நண்டு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா, அங்க தரை ஆடவே ஆடாதாம்" என்றாள். அதை ஒரு பெரிய அதிசயம் மாதிரி காதில் வந்து சொன்னாள்.

அவர்கள் கிளம்புகிற நாளை நான்தான் பார்த்துச் சொன்னேன். பௌர்ணமியை ஒட்டிய நாள். அந்த நாட்களில் தண்ணீர் அடியோடு வற்றும், பிறகு மற்ற நாட்களைவிட அதிகமாக ஏறும். காலையில் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது ஓட்டத்தோடு போனால் துடுப்புப் போடுகிற வேலை மிச்சம் என்றேன். அது சரியான யோசனைதான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முந்தின நாள் போய்க் கம்புகளை மாற்றி நட்டேன். போன தடவை வளைவில் நட்டது தப்பு. அங்கிருந்து கூப்பிட்டால் வீடுகளுக்குக் கேட்கும். இந்தத் தடவை இன்னும் தள்ளி, நாணல் காட்டைத் தாண்டி நட்டேன்.

படகில் சாமான் ஏற்றக் கூடமாட நின்றேன். கதவைக்கூடக் கழற்றி ஏற்றினோம். அம்மாவின் இரும்புப் பெட்டியை அவன் வேண்டாம் என்றான். அம்மா ஞாபகமா இருக்கட்டும்டா என்று நான்தான் வற்புறுத்தி ஏற்றினேன். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. நண்டை நான் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். என் கழுத்தை விட மாட்டேன் என்றாள்.

"அண்ணே, கம்பெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டான் தம்பி.

"நேத்துத்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றேன்.

அது பொய் இல்லை, ஐயா. நேற்றுத்தான் பார்த்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு ஊர்க்காரர்கள் தண்ணீர் வற்றிய திட்டுகளில் சிப்பி பொறுக்கக் கிழக்கே போய்விட்டார்கள். நான் வீட்டுப் பலகையில் உட்கார்ந்து துடுப்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது. சேற்றின் மேல் ஏதோ ஊர்ந்து வருவது தெரிந்தது. என் தம்பி. படகுப் பலகை ஒன்றை நெஞ்சுக்குக் கீழே கொடுத்துக்கொண்டு, கையால் துழாவித் துழாவி வந்தான். கண் எது வாய் எது என்று தெரியாதபடி சேறு. நகம் பெயர்ந்து விரலெல்லாம் ரத்தம்.

"அண்ணே, படகு திட்டுல மாட்டிக்கிச்சு. கம்பு எல்லாம் எங்கேயோ இருக்குண்ணே. அவங்க ரெண்டு பேரையும் படகுலயே இருக்கச் சொல்லிட்டு வந்தேன். வாண்ணே, தண்ணி திரும்பறதுக்குள்ள போயிடலாம்."

"பதறாதே. முதல்ல மூஞ்சியைக் கழுவு" என்றேன்.

தண்ணீர் மொண்டு கொடுத்தேன். விரலெல்லாம் புண்ணாக இருந்ததால் நானே அவன் முகத்தைக் கழுவினேன். கண்ணுக்குள் போயிருந்த சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்தேன். சின்ன வயதில் அப்படித்தான் எடுத்துவிடுவேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு கயிறு தேடினேன். கிடைத்த கயிற்றில் ஓரிடம் நைந்திருந்தது. அதைப் பிரித்து முறுக்கிச் சேர்த்தேன்.

"அண்ணே, அது போதும்ணே, வாண்ணே."

"பாதி வழியில அறுந்துட்டா என்ன பண்ணுவே?"

என் படகின் அடியில் ஒரு கசிவு இருந்ததைத் தார் பூசி அடைத்தேன். அவன் அழுதுகொண்டே எனக்குத் தார்ச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை, ஐயா. அண்ணனுக்குத் தெரியும் என்கிற முகம் அவனுக்கு. அந்த முகத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். தண்ணீர் திரும்பும்போது நுரையும் சருகும் முதலில் அசையாமல் நிற்கும், பிறகு உள்பக்கமாக நகர ஆரம்பிக்கும். நகர ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தேன். கால் நனைந்து, முழங்கால் நனைந்தால்தான் மனதில் நிற்கும். அப்புறம் ஆயுசுக்கும் கிளம்ப மாட்டார்கள்.

நாங்கள் போகும்போது எதிர்க்காற்று. தூரத்திலேயே அவர்களைப் பார்த்துவிட்டோம். இரும்புப் பெட்டியின் மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். நண்டு அவள் தோளில் இருந்தாள். தம்பி, "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று கத்தினான். நண்டு கையை ஆட்டினாள். பிறகு ஓடை வளைந்தது, நாணல் மறைத்தது. நாணலைத் தாண்டி வெளியே வந்தபோது அங்கே யாரும் நிற்கவில்லை.

தம்பி குதித்தான். மனைவியைக் கண்டுபிடித்தான், மூச்சு இல்லை. முழங்காலுக்கு மேல் சேறு பிடித்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இழுக்க வேண்டியிருந்தது. நண்டு அன்றைக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் ஓடை வாயில் பெருவலையை விரித்துத் தேடினோம். ஊரில் மிச்சமிருந்த எல்லோரும் வந்தார்கள். வலை கரைக்கு வந்தபோது முன்னால் நின்றவள் ஒருத்தி அலறிவிட்டாள். எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் பிடித்துத்தானே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு தம்பி எங்கேயும் போகவில்லை. நான் நினைத்தது நடந்ததா என்று கேட்டால், நடந்தது. கதவில்லாத அந்த வீட்டில் இருக்க முடியாமல் என்னிடமே வந்துவிட்டான். கயிற்றைத் தொட மாட்டான், பேச மாட்டான். நான் சமைத்து, பிசைந்து, கையில் உருட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். படுக்கும்போது என் பக்கத்தில்தான் படுப்பான். அந்த நாட்களில் எனக்குக் குறையொன்றும் இல்லை என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஊர்தான் கெட்டுப்போயிற்று. இந்தச் சேறு மனிதரைத் தின்னப் பழகிவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைப் பலகையில் இறங்க விடவில்லை. பயம் ஊறத்தான் செய்தது, ஆனால் வேறு பக்கமாக ஊறிவிட்டது. ஒரு வீடு, அடுத்த வீடு என்று வரிசையாகப் போனார்கள். ஒவ்வொரு படகுக்கும் முன்னால் என் படகில் போய் வழிகாட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள். நானும் காட்டினேன். வேறு என்ன செய்வது? பெருவலை ஓடை வாயில் கிடந்து பாசி பிடித்துவிட்டது.

கடைசியில் தம்பியும் எழுந்தான். அவன் மனைவியின் அண்ணன் வந்து கூப்பிட்டான்.

"இந்தச் சேறு எம்மவளைத் தின்னுடுச்சுண்ணே. இதைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல" என்று தம்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "அன்னிக்கு நீ எவ்வளவு பாடுபட்டே. நீ இல்லேன்னா அவளைக்கூட எடுத்திருக்க முடியாது. அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்ணே."

அவன் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். எல்லோருமாகச் சேர்ந்து சேற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறந்து வளர்ந்த இடம், ஐயா. செய்யாத குற்றத்தை அதன் தலையில் கட்டுவது நியாயமா?

ஆகவே திருத்தத்தைச் சொல்கிறேன். சேறு யாரையும் தின்னவில்லை. கம்பை மாற்றி நட்டது நான். நேரத்தைக் கடத்தியதும் நான். இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது படகு தானாக மிதந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படி நான் நினைக்கவில்லை. அடியோடு வற்றிய நாளில், அந்தப் பாரத்தோடு சேற்றில் உட்கார்ந்த படகு மிதக்காது. தண்ணீர் உள்ளே ஏறும். எங்கள் ஊரில் யாருக்கும் இது தெரியும். என் தம்பியின் கண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும். அவர்களைக் கொன்றது நான்தான்.

இதை நல்ல எழுத்தில் எழுதி, அவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தம்பிக்கு முதலில் சொல்லுங்கள். கோபம் வரும், கொஞ்ச நாளில் ஆறிவிடும். இடத்தின் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மனசு மாறாமலா போகும்? திரும்பி வந்துவிடுவார்கள். ஆனால் இந்த மழையில் ஓடை எங்கே நகர்ந்திருக்கிறதோ, வழி தெரியாமல் யாரும் திட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. அவர்கள் வருவதற்குள் நான் போய்க் கம்பு நட்டாக வேண்டும்.